கேட்டால் தரப்படும்

எங்கள் நிலையத்தில் நாங்கள் எதையும் நீக்கியது கிடையாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். அறிக்கையில் ஒரு பகுதி இடைஞ்சலாக இருந்தால் அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுவோம். பின்னிணைப்பு அறிக்கையோடு சேர்ந்து அச்சாகாது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘பின்னிணைப்பு: கேட்டால் தரப்படும்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நான் அங்கே துணை இயக்குநராக இருந்த காலம் முழுவதும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நிலையம் அனைத்துலகப் பொருளாதாரத்தை ஆராய்வதற்காகப் பல்கலைக்கழகத்தோடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது. குன்றின் மேல் ஒரு பழைய கட்டடம், அதில் இரண்டு மாடிகள் எங்களுடையவை. கீழே பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். குளிர்சாதனத்தைக் குறைக்கும் சாவி பராமரிப்புப் பிரிவில் இருந்ததால், வெப்ப மண்டல நாடுகளின் பொருளாதாரத்தைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எழுதினோம். புதன்கிழமைக் கருத்தரங்கில் யார் பேசுகிறார்கள் என்பதைவிடத் தின்னக் கொடுக்கும் கறிபாப் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே கூட்டம் சேரும். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் ஒரு தடவை, “உங்கள் மக்கள் வணிகக் கோட்பாட்டில் இவ்வளவு ஆர்வமா!” என்று நெகிழ்ந்து போனார். அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலிருந்து வடையும் வந்திருந்தது.

எங்கள் முக்கியச் சொத்து ஒரு கணினி மாதிரி, ஆங்கிலத்தில் ‘மாடல்’. நாட்டின் தொழில்களெல்லாம் அதற்குள் சமன்பாடுகளாக இருந்தன. ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் விளைவு வரும். அந்த மாதிரிக்கு ஓர் அடிப்படை அனுமானம் உண்டு: நாட்டில் எல்லோருக்கும் எப்போதும் வேலை இருக்கும், ஓரிடத்தில் வேலை போனால் அடுத்த கணமே வேறிடத்தில் சேர்ந்துவிடுவார்கள். இப்படி அனுமானித்துவிட்டு, ஒப்பந்தத்தால் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று அதனிடமே கேட்போம். யாருமில்லை என்று அது சொல்லும். அதை நாங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதி வர்த்தக அமைச்சுக்கு அனுப்புவோம். இதில் இருந்த வேடிக்கை எனக்குத் தெரியாதது அல்ல. முதலாண்டு மாணவர்களுக்கு இந்த அனுமானத்தின் குறைகளை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சில தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்கு மாறப் போகின்றன என்று பேச்சு அடிபட்டது. தமிழ் வானொலியில் காலை நிகழ்ச்சிக்கு ஒரு பொருளாதார அறிஞர் வேண்டும் என்றார்கள். நிலையத்தில் தமிழ் பேசத் தெரிந்த மூத்தவன் நான் ஒருவன்தான். ஒரு வாரம் அகராதியை வைத்துக்கொண்டு தயார் செய்தேன். எனக்கு வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கம். தமிழில் தடுமாறினால் நம்மவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். தடுமாறவில்லை. “புதிய துறைகள் மலர்கின்றன. கைத்திறன் உள்ளவர்கள் அவசரப்பட்டுக் கிடைத்ததை ஏற்க வேண்டியதில்லை. சற்றுப் பொறுத்தால் திறமைக்கேற்ற பணி தேடிவரும்” என்று பேசினேன். வீட்டுக்கு வந்ததும், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் மனைவி, “ஒரு பிழை இல்லங்க” என்றாள். அவள் சொன்னது உச்சரிப்பை. நான் மொத்தத்தையும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓராண்டு கழித்து, ஒப்பந்தத்தின் விளைவுகளைப் பற்றி அறிக்கை கேட்டது அமைச்சு. அந்த வேலையில் என்னோடு இருந்த ஆய்வு உதவியாளர் ஓர் இளம்பெண். கிள்ளானில் வளர்ந்தவள். அப்பா துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டி ஏற்றும் லோரி ஓட்டுபவர். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் பட்டத்தை முடிக்க முடியும். அது எனக்குத் தெரியும். இங்கே இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கிள்ளானில் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்று அந்த ஆண்டில்தான் மூடியிருந்தது. அவள் யாரும் சொல்லாமலே, அங்கே வேலை போனவர்களில் முப்பத்தேழு பேரைத் தேடிப் பிடித்தாள். மூன்று மாதம் சனி ஞாயிறுகளில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வந்தாள். மாதிரியின்படி இவர்கள் எல்லோரும் அடுத்த கணமே வேறு வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. அட்டவணை ஒன்று, அதற்குப் பின்னால் அவர்கள் பேசியது அறுபது பக்கம். என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் அட்டவணையைப் பார்த்துவிட்டு அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த நாள் என் அறைக்கு வந்தாள்.

“ப்ரொஃப், அட்டவணைய தூக்கிட்டீங்க, பரவால்ல. ஒரே ஒரு பத்தி உள்ள வைங்கலா. அவங்க பேசினது.”

“முப்பத்தேழு பேர வச்சிக்கிட்டு நாட்டப் பத்திப் பேச முடியாதும்மா.”

“நம்ம கம்ப்யூட்டர்ல எத்தன பேர் இருக்காங்க ப்ரொஃப்?”

அதில் ஒருவரும் இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

“நான் ஒண்ணும் நீக்கலயே. பின்னிணைப்புல இருக்கும். யார் கேட்டாலும் குடுப்போம்.”

“யாரு கேப்பா?”

“ஆர்வம் உள்ளவங்க.”

“அமைச்சுலயா?” என்று சிரித்தாள். சிரித்த கையோடு, “அப்ப என் பேரை அறிக்கையிலேர்ந்து எடுத்துருங்க. நானும் பின்னிணைப்பிலயே இருந்துக்கிறேன்” என்றாள்.

இயக்குநரிடம் இந்த விஷயம் போனது. அவர் அரசு கொடுக்கும் டத்தோ பட்டம் பெற்றவர், நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. “பெண் கெட்டிக்காரி. ஆனால் நம் நிலையத்துக்குப் பொருந்துவாளா என்று நீங்களே மதிப்பீடு எழுதிக் கொடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மூன்று வரி எழுதினேன். உழைப்பாளி. ஆய்வு நெறிமுறையில் போதிய கண்டிப்பு இல்லை. தொடர்வதற்குப் பரிந்துரைக்க இயலவில்லை. அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாளில் எல்லா மேசைக்கும் ஒரு துண்டு கேக் வைத்துவிட்டுப் போனாள், என் மேசைக்கும். அதைச் சாப்பிட்டேன்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். விருந்தில் என் நேர்மையைப் பற்றி இயக்குநர் பேசினார். இப்போது எழுபத்து மூன்று வயது. காலையில் சர்க்கரை அளவு பார்ப்பது, மாலையில் நடப்பது என்று போய்க்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

பட்டத்தைப் பல ஆண்டு தாமதமாக முடித்திருந்தாள். அதுவரை கிள்ளானில் டியூஷன், இரண்டு மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குக்கு வகுப்பு. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பப் படிவத்தில் கடைசியாக ஆய்வு செய்த நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கேட்டிருந்தார்கள். நிலையம் கோப்பைத் தேடி என் மூன்று வரிகளை அனுப்பிவைத்துவிட்டது. மனிதர்கள் பேசிய அறுபது பக்கத்தை நிலையத்தில் யாரும் பத்திரப்படுத்தவில்லை. மூன்று வரி பத்திரமாக இருந்திருக்கிறது.

“ப்ரொஃப், அவங்க விளக்கம் கேக்கறாங்க. நீங்க ஒரு கடிதம் குடுத்தா இந்த வேல கிடைக்கும். இல்லன்னா எனக்கு வயசாயிருச்சு, இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க” என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மதியக் கூட்டம் முடிந்து வாழையிலைகளை வாளியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தலையில் இரண்டொரு நரை, தோளில் பெரிய பை. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

“அங்கிள், தண்ணி என்னா?” என்றார் பரிமாறுபவர்.

“கோப்பி ஓ. சீனி வேண்டாம்.”

“சீனி இல்லாம, பால் இல்லாம... சுடுதண்ணியே குடிக்கலாமே அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். அதே சிரிப்பு.

பையிலிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்து என் முன்னால் வைத்தாள். அறுபது பக்கம்.

“நகல் வச்சிருந்தேன். கேட்டா தரலாம்னு. யாரும் கேக்கல” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கடை திறந்திருந்தது, ஆள் வரவில்லை என்பது போலச் சொன்னாள். “ப்ரொஃப், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இத்தன வருஷமா கேக்கணும்னு இருந்தேன். அப்ப இத நீங்க படிச்சீங்களா? இல்ல அட்டவணைய மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டீங்களா?”

“அட்டவணைதான் பாத்தேன். நேரமில்லம்மா. அமைச்சு அவசரப்படுத்திச்சு.”

அவள் முகம் தெளிந்தது. “அதான் நெனச்சேன். எங்கப்பாகிட்ட கூடச் சொல்வேன், ப்ரொஃப் படிக்கல, படிச்சிருந்தா போட்டிருப்பார்னு.”

கோப்பி வந்தது. கசப்பாக இருந்தது, நான் கேட்டபடியே.

கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, காகிதக் கட்டையும் வாங்கிக்கொண்டு எல்.ஆர்.டி. ரயிலில் வீடு திரும்பினேன். வழியிலேயே பிரித்தேன். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பதாம் எண். நாற்காலிக் கால் கடையும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அவள் எழுதியிருந்தது இது:

“கம்பெனி மூடப் போறான்னு பேச்சு வந்தப்பவே என் மச்சான் டெங்கில்ல ஒரு வேல பாத்து வச்சிருந்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன். ரேடியோல நம்ம ஆளு ஒருத்தரு பேசினாரு, யூனிவர்சிட்டி ப்ரொஃபசரு. புதுப்புது வேலையா வருது, அவசரப்படாதீங்கன்னாரு. நல்ல தமிழ்ல பேசினாரு. அவ்ளோ படிச்சவரு, நம்ம ஆளு, நமக்குப் பொய்யா சொல்லப் போறாரு? பொறுத்தேன். டெங்கில் வேலைக்கு வேற ஆள் போயிட்டான். இப்ப செராஸ்ல ஒரு கொண்டோ கேட்ல செக்யூரிட்டி கார்டா இருக்கேன். போய்ச் சேர ரெண்டு ரயிலு ஒரு பஸ்ஸு.”

இதை நான் இரண்டாவது தடவையாகப் படித்தேன்.

அன்று அவள் மேசையில் வைத்துவிட்டுப் போன மாலையிலேயே அறுபது பக்கத்தையும் படித்திருந்தேன். என் வேலையே படிப்பதுதான். என்னிடம் வந்த ஒரு தாளையும் படிக்காமல் விட்டதில்லை. பத்தொன்பதாம் எண்ணுக்கு வந்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். அந்த மனிதர் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அமைச்சில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொருவர் பேச்சுக்கும் கீழே கொடுத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அதை அழகாகப் போட்டிருந்தாள்; தமிழ் வானொலியில் பேசப் போனது நான் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அது யார் என்று தெரியவும் தெரியாது; காலையில் லோரிக்காரர் வீட்டில் வேறு வானொலி ஓடியிருக்கும். முப்பத்தேழு பேர் போதாது என்று நான் சொன்னது நெறிமுறைக்காக அல்ல. ஒருவர் அதிகமாக இருந்தார்.

மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பழக்கம் விடவில்லை. ‘பின்னோக்கிப் பார்க்கையில், அன்றைய மதிப்பீட்டில் சில அம்சங்கள் மறுபரிசீலனைக்கு உரியவையாகத் தோன்றக்கூடும்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி ஒரு பக்கம் போனது. மனைவியிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவைத் தேடியபடியே படித்தாள்.

“என்னங்க, இதுல தப்பு பண்ணினது யாரு?”

“நான்தான்.”

“எங்க இருக்கு?”

“இரண்டாம் பத்தியில் மறைமுகமாக...”

“மறைமுகமாவா? ஆறாம் வகுப்புப் புள்ள இப்படி எழுதினா எழுவாய் எங்கடான்னு கேப்பேன். நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவரு. போங்க, திரும்ப எழுதிட்டு வாங்க.”

அவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். வானொலியை, பத்தொன்பதாம் எண்ணை, முந்தின நாள் கடையில் சொன்ன பொய்யை. கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “அன்னிக்கு ஒரு பிழை இல்லன்னு நான் வேற சொன்னேன்” என்றாள்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம். இவருடைய ஆய்வு சரியானது. நெறிமுறையில் குறை எதுவும் இருக்கவில்லை. அதில் நான் வானொலியில் சொன்ன ஒன்றை நம்பி ஒருவர் கிடைக்கவிருந்த வேலையை இழந்த செய்தி இருந்தது. அதைப் படித்தேன். படித்ததால்தான் மறைத்தேன். மறைத்ததை எதிர்த்ததால் இவரைப் பற்றிப் பொய்யான மதிப்பீடு எழுதினேன். கையெழுத்து. கல்லூரிக்கு ஒரு பிரதி, அவள் முகவரிக்கு ஒட்டிய உறையில் ஒரு பிரதி. அஞ்சலில் போட்டுவிட்டு வந்தபோது ஏதோ பெரிய காரியம் செய்தவன் போல நடந்தேன். எழுபது வயதுக்கு மேல் மனிதனுக்குத் தன் மீதே மரியாதை வருவதற்கு அதிகம் தேவைப்படுவதில்லை.

மூன்று வாரம் கழித்து அழைத்தாள்.

“ப்ரொஃப், வேல கிடைச்சிருச்சு! திங்கக்கிழம சேரச் சொல்லிட்டாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா. கடிதத்தப் பத்தி என்ன சொன்னாங்க?”

“கடிதமா? அத யாரும் படிச்ச மாதிரி தெரியல. இன்டர்வியூல கேட்டேன். கடிதம் வந்திருச்சு, பைல்ல பின்னால சேத்துட்டோம், தேவப்பட்டா பாத்துக்கலாம்னாங்க. அவங்களுக்குப் புள்ளிவிவரப் பாடமும் எடுக்க ஆள் வேணுமாம். இருந்தவரு பாதியில போயிட்டாராம். நான் எடுக்கிறேன்னு சொன்னேன், முடிஞ்சிருச்சு.”

நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? என் வாழ்நாளின் ஒரே உண்மையான அறிக்கை பின்னிணைப்பாகிவிட்டது.

“உனக்கு அனுப்பின பிரதி?”

“இன்னும் பிரிக்கல ப்ரொஃப். நீங்க பாராட்டி எழுதியிருப்பீங்க, எனக்கு வெக்கமா இருக்கும். அதான் வேல கிடைச்சிருச்சே, எதுக்கு?”

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நிலையத்தில் இருந்த காலமெல்லாம் அதை நம்பித்தான் இருந்தேன். சமையலறை வாசலில் மனைவி துண்டைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிரிச்சிப் படிம்மா. நான் காத்திருக்கிறேன்.”

இழுப்பறை திறக்கும் சத்தம். உறை கிழியும் சத்தம். அரைப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அதைவிட அதிக நேரம் ஆயிற்று. இரண்டாவது தடவை படிக்கிறாள் என்று புரிந்தது.

“அப்ப படிச்சிருக்கீங்க.”

“படிச்சேன்.”

“போன மாசம் கடையில...”

“அதுவும் பொய்தான்.”

“வேல போனதுகூடப் பெருசா இல்ல ப்ரொஃப். எங்கப்பாகிட்ட எத்தன தடவ உங்களுக்காகச் சண்ட போட்டேன் தெரியுமா? அவரு சொன்னதுதான் சரி. அவரு போயிட்டாரு இப்ப.”

என்ன சொன்னாலும் அறிக்கை மொழியாக வரும் போலிருந்தது. “என்னை மன்னிச்சிரு” என்றேன். “டியூஷன் வகுப்புக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டாள்.

பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன். அவள் பார்த்ததாகத் தொலைபேசி காட்டியது, பதில் இல்லை. சென்ற மாதம் ஒரு செய்தி வந்தது. கல்லூரியில் ஆய்வு நெறிமுறைப் பாடத்தையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்களாம். பழைய அறுபது பக்கத்தை மாணவர்களுக்குக் கொடுக்கப் போகிறாள். கூடவே என் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

தாராளமாகக் கொடு, என் பெயரோடு கொடு என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஓர் ஆசையும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்று நாலு பிள்ளைகள் என் பெயரைச் சொல்வார்கள் அல்லவா?

பதில் உடனே வந்தது. “முடியாது ப்ரொஃப். தகவல் தந்தவங்க பேர வெளியிடக் கூடாது. நெறிமுறையில கண்டிப்பா இருக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க. பேர எடுத்துட்டு எண் போட்டிருக்கேன்.”

என்ன எண் என்று கேட்டேன்.

“38.”